வாசித்தவர் பெயரைப் போட என்ன கேடு?

அமெரிக்க ராக் பாடகர் ஃபிராங்க் பிளாக்கின் ‘ஹனிகோம்ப்’ ஆல்பத்தை ஸ்ட்ரீமிங் செயலியில் திறந்து கிரெடிட்ஸ் பக்கத்தைத் தட்டினால் பெரும்பாலும் வருவது இவ்வளவுதான்: பாடியவர், எழுதியவர், மிஞ்சிப்போனால் தயாரிப்பாளர். கிதார் யார்? பேஸ் யார்? கீபோர்டில் கை வைத்தது யார்? வாயே திறக்காது. மாதச் சந்தா மட்டும் தேதி தவறாமல் கணக்கிலிருந்து போய்விடும்.

வேறு ஆல்பமாக இருந்தால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். 2005-ல் வந்த இந்த ஆல்பத்தின் உயிரே வாசித்தவர்கள்தான். பாஸ்டனின் பிக்ஸீஸ் ராக் குழுவில் பிளாக் பிரான்சிஸ் என்ற பெயரில் தொண்டை கிழியக் கத்தியவர், 1993-ல் குழு கலைந்ததும் பெயரைத் திருப்பிப் போட்டு ஃபிராங்க் பிளாக் ஆனார். அந்த மனிதர் நாஷ்வில்லில் பாட்டெழுத்தாளர் டான் பென்னின் வீட்டு ஸ்டுடியோவுக்குப் போய், தயாரிப்பை ஜான் டிவெனிடம் ஒப்படைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திப் பாடியது எதற்காக? ஸ்டீவ் கிராப்பர், ரெஜி யங், ஸ்பூனர் ஓல்டம், டேவிட் ஹூட் இவர்கள் நடுவே நின்று பாடத்தான். கிராப்பர், புக்கர் டி அண்ட் தி எம்ஜிஸ் குழுவின் கிதார்காரர். சோல் பாடகர் ஓடிஸ் ரெடிங்கோடு சேர்ந்து ‘டாக் ஆஃப் தி பே’ எழுதியவர். ரெஜி யங் 1969-ல் மெம்பிஸில் எல்விஸுக்கு வாசித்தவர். ஓல்டமும் ஹூட்டும் பாட்டுப் பதிவு ஸ்டுடியோக்களுக்குப் பேர்போன அலபாமாவின் மஸில் ஷோல்ஸில் உருவானவர்கள். 1967-ல் அரீதா ஃபிராங்க்ளின் அங்கே பதிவு செய்த பாட்டைத் தொடங்கி வைக்கும் வுர்லிட்சர் மின் பியானோ ஓல்டமின் கை. இவர்களை அழித்துவிட்டால் மிச்சம் இருப்பது அட்டைப் படம்தான்.

இதில் ‘டார்க் எண்ட் ஆஃப் தி ஸ்ட்ரீட்’ இருக்கிறது. 1960-களில் சிப்ஸ் மோமனோடு சேர்ந்து அதை எழுதியவர் இதே டான் பென். எழுதியவர் வீட்டிலேயே, அவர் தலைமுறைக்காரர்களே வாசிக்க, பிக்ஸீஸ்காரர் வந்து பாடுகிறார். செயலியில் பென்னின் பெயர் ‘எழுதியவர்’ என்ற கட்டத்தில் மட்டும் தூங்கும். பதிவு நடந்த இடமே அவர் வீடு என்பது புதிதாகக் கேட்பவருக்கு எப்படித் தெரியும்?

தொழில்நுட்பத்தில் இடமில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். லேபிள்கள், அதாவது ஆல்பத்தை வெளியிடும் இசை நிறுவனங்கள், செயலிகளுக்குத் தகவல் அனுப்பும் டிடிஇஎக்ஸ் வடிவத்தில், ஒவ்வொரு பாட்டுக்கும் இன்னார் இன்ன கருவி என்று எழுத இடம் இருக்கிறது. அது கட்டாயம் இல்லை, அவ்வளவுதான். தலைப்பு, கலைஞர், ஐஎஸ்ஆர்சி எண் (ஒவ்வொரு பதிவுக்கும் தரும் அடையாள எண்), பார்கோடு எண் இருந்தால் ஆல்பம் உள்ளே போய்விடும். பழைய சரக்கை மொத்தமாக ஏற்றும்போது சிடி புத்தகத்தைப் பிரித்துத் தட்டச்சு செய்ய யாரும் உட்காருவதில்லை. அப்படியே அனுப்பினாலும், அதைத் திரையில் காட்டுவதும் காட்டாததும் செயலியின் இஷ்டம்.

இது ரசிகனின் வீம்பு மட்டும் இல்லை, கூலி விஷயம். அமெரிக்க இணைய வானொலி ராயல்டியில் 50 சதவீதம் பதிவின் உரிமையாளருக்கு, 45 சதவீதம் முதன்மைக் கலைஞருக்கு, மீதி 5 சதவீதம் பின்னணி வாசித்தவர்களுக்கும் பாடியவர்களுக்கும் என்று சட்டமே பிரித்திருக்கிறது. அந்த 5 சதவீதத்தைக் கொடுக்க வேண்டுமானால் யார் வாசித்தார்கள் என்று தெரிய வேண்டாமா?

பெயர்க் குழப்பம் இன்னொரு தலைவலி. ‘ஹனிகோம்ப்’ ஃபிராங்க் பிளாக் பெயரில் இருக்கும். அதற்கு முன்னால் வந்தவற்றில் பல ஃபிராங்க் பிளாக் அண்ட் தி கத்தோலிக்ஸ் பெயரில். 2007-ல் வந்த ‘புளூஃபிங்கர்’ மறுபடி பிளாக் பிரான்சிஸ் பெயரில். ஒரே தொண்டை, செயலியில் மூன்று கலைஞர் பக்கம்.

சிடி வைத்திருப்பவர்கள் இதைத் தாங்களே சரிசெய்துகொள்ளலாம். பெரும்பாலான சிடியில் பாட்டின் பெயரே பதிந்திருக்காது, ஒவ்வொரு டிராக்கும் எங்கே தொடங்குகிறது என்ற அட்டவணைதான் இருக்கும். அதை வைத்து மென்பொருள் ஊகிப்பதால்தான் தப்புத்தப்பாகப் பெயர் வருகிறது. சிடியை ஃபிளாக்காக (ஒலித் தரம் குறையாத கோப்பு வடிவம்) எடுத்துவிட்டு மியூசிக்பிரெயின்ஸ் பிகார்டில் போடுங்கள். மியூசிக்பிரெயின்ஸ் என்பது ரசிகர்களே சேர்த்து வைக்கும் இசைத் தகவல் தளம்; அதிலிருந்து எடுத்துக் கோப்பில் எழுதும் மென்பொருள் பிகார்ட்; பின்னட்டை பார்கோடை ஒப்பிட்டு உங்கள் பதிப்பையே தேர்ந்தெடுங்கள். அமைப்புகளில் மெட்டாடேட்டா பகுதிக்குப் போய் டிராக் உறவுகளை (எந்தப் பாட்டில் யார் என்ன வாசித்தார் என்ற இணைப்புகள்) பயன்படுத்தும் பெட்டியை டிக் செய்தால், பெர்ஃபார்மர் டேகில், அதாவது கோப்புக்குள் வாசித்தவருக்கான கட்டத்தில், ஆளும் கருவியும் வந்து விழும். கலைஞர் பெயரை ஒரே மாதிரி ஆக்கும் பெட்டியைத் தொடாதீர்கள், அட்டையில் உள்ள பெயர் போய்விடும். ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் அட்டைப்படியே இருக்கட்டும்; வரிசைப்படுத்த உதவும் ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் சார்ட் டேகில் மட்டும் மூன்று பெயருக்கும் ஒரே சொல்லைக் கொடுங்கள், வரிசையாக நிற்கும். ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்டை வெறுமையாக விட்டால், இன்னொரு குரல் சேரும் பாட்டு தனி ஆல்பமாகப் பிய்த்துக்கொண்டு ஓடும்.

2006-ல் வந்த அவருடைய ‘ஃபாஸ்ட் மேன் ரெய்டர் மேன்’ இரட்டை சிடி, 27 பாட்டு. லெவான் ஹெல்ம், அல் கூப்பர் போன்ற பழைய ராக் ஜாம்பவான்கள் எல்லாம் வாசித்திருக்கிறார்கள். டிஸ்க் எண் 1/2, 2/2 என்று போடாவிட்டால் இரண்டு முதல் பாட்டு, இரண்டு இரண்டாம் பாட்டு என்று மாறி மாறி ஓடி வரிசையே நாசமாகும்.

எம்பி3 என்றால், டேக் எழுதும் முறையான ஐடி3-யின் 2.4 பதிப்பில் டிஎம்சிஎல், 2.3-ல் ஐபிஎல்எஸ் என்று வாசித்தவர் பெயருக்கான இடம் மாறும். பல போன் பிளேயர்கள் இரண்டையுமே காட்டாது. அதனால் கமெண்ட் டேகிலும் ஒரு நகல் போடுங்கள். மியூசிக்பிரெயின்ஸில் தகவலே இல்லாவிட்டால் பிகார்டும் ஒன்றும் எழுதாது. சிடி புத்தகத்தைப் பார்த்து அங்கே சேர்த்துவிடுங்கள், அடுத்தவருக்கும் கிடைக்கும். சந்தா கட்டும் ரசிகன் ராத்திரி உட்கார்ந்து இலவசமாகச் செய்யும் இந்த வேலைக்கான மூலத்தாள், உரிமையை வைத்துச் சம்பாதிக்கும் லேபிளின் கையில்தான் இருக்கிறது. ஒரு ஆளை உட்காரவைத்துத் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள் ஐயா!