பேட்ச் அப்புறம் தைக்கலாம், முதலில் கடைசி பைக்குக்கு ஆள் பாருங்கள்

கறுப்பு உடை, கண்மை, இருண்ட இசை என்று திரியும் மாற்றுக் கலாசாரத்தாரைக் 'கோத்' என்பார்கள். பிரிட்டனில் கோத் பைக்கர் குழு தொடங்கும் பலர் முதல் வேலையாக லோகோ வரைகிறார்கள். ஒரு மண்டை ஓடு, இருபுறமும் வௌவால் இறக்கை, மேலே வளைவாகக் குழுவின் பெயர், கீழே வளைவாக ஊர்ப்பெயர். பேட்ச் அடித்து ஜாக்கெட் முதுகில் தைத்து, கல்லறைத் தோட்டத்து மதிலோரம் நின்று படமும் எடுத்துப் போட்டாகிவிடும். நாலாவது ரைடுக்கு வந்த வண்டிகளை எண்ண ஒரு கை விரல் போதும். அப்புறம், "கறுப்புச் சட்டை போட்டவனெல்லாம் கோத் இல்லை, இவங்களுக்குப் பற்றே கிடையாது" என்று ஒரு புலம்பல்.

பற்றுக்கு ஒரு குறையும் இல்லை. மெதுவாக வருகிறவரோடு கூடவே வர ஆள் இல்லை, அவ்வளவுதான்.

அந்த லோகோ விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். மேல் வளைவு, நடுச் சின்னம், கீழ் வளைவு என்று முதுகில் மூன்று துண்டாகத் தைப்பது பைக் உலகில் 'எம்சி' (மோட்டார்சைக்கிள் கிளப்) என்று பெயர் போட்டுக்கொள்ளும் கட்டுக்கோப்பான கிளப்களின் முறை. கீழ் வளைவில் ஊர்ப்பெயர் போட்டால் "இது எங்கள் எல்லை" என்று அர்த்தம். நீங்கள் அழகுக்காகப் போட்டது அவர்கள் கண்ணில் அறைகூவலாகத் தெரியும். போதாக்குறைக்கு, இறக்கை முளைத்த மண்டை ஓடு 1948ல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் என்ற எம்சி கிளப்பின் பதிவு பெற்ற சின்னம். அதே மாதிரி மண்டை ஓட்டை மோதிரத்திலும் கைப்பையிலும் போட்டதற்காக 2010ல் அலெக்சாண்டர் மெக்வீன் ஃபேஷன் நிறுவனத்தின் மீதே வழக்குப் போட்டார்கள். கோத்துக்குப் பிடித்த வடிவம்தான் இருப்பதிலேயே ஆபத்தான வடிவம் என்பது ஒரு கூத்து. பேட்ச் வேண்டுமென்றால் ஒரே துண்டு, பத்து சென்டிமீட்டருக்குள், நெஞ்சுப் பக்கம் போதும். ஊர்ப்பெயர் வேண்டாம், 'எம்சி' என்ற இரண்டெழுத்து வேண்டவே வேண்டாம். மண்டை ஓட்டை விட்டுவிட்டு வௌவாலை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வட்டாரத்தில் பழைய கிளப் இருந்தால் பேட்ச் தைப்பதற்கு முன்பே நேரில் போய் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது மரியாதை. தைத்த பிறகு சொன்னால் அது விளக்கம் கொடுப்பதாகிவிடும்.

இவர்களுக்கென்று தனிக் குழு எதற்கு, இருக்கிற பைக் கிளப்பில் சேர்ந்தால் ஆகாதா என்று கேட்பவர்கள் உண்டு. 2007 ஆகஸ்டில் லங்காஷயரின் பேக்கப் என்ற சிற்றூரில், ஒரு பூங்காவில், கோத் உடையில் இருந்த ஒரே காரணத்துக்காக சோஃபி லங்காஸ்டர் என்ற 20 வயதுப் பெண்ணை அடித்தே கொன்றார்கள். 2013 ஏப்ரலில் மான்செஸ்டர் பெருநகரக் காவல்துறை, கோத் போன்ற மாற்றுக் கலாசாரத்தாரைக் குறிவைக்கும் தாக்குதல்களை வெறுப்புக் குற்றமாகப் பதியத் தொடங்கியது. இது தெரிந்தவர்களுக்கு, கண்ணுக்கு மை தீட்டிய ஒரு பையனை முன்பின் தெரியாத ஊர் பெட்ரோல் பங்கில் தனியாக விட்டுவிட்டுக் குழு கிளம்பிவிடுவது எவ்வளவு பெரிய தப்பு என்று விளக்க வேண்டியதில்லை.

ஆனால் நடப்பது அதுதான். காரணம் லைசென்ஸ். கோத் பக்கம் இளவட்டம் அதிகம். அங்கே 17 வயதில் சிபிடி என்ற அடிப்படைப் பயிற்சியை முடித்தால் 125 சிசி, 11 கிலோவாட் வரையுள்ள வண்டியை எல் போர்டு மாட்டி ஓட்டலாம். இரண்டு வருடம் செல்லும். மோட்டார்வேயில் ஏறக் கூடாது, பின்னால் ஆள் ஏற்றக் கூடாது. 19 வயதில் ஏ2 லைசென்ஸ், 35 கிலோவாட் வரை. நம் சென்னையை ஒட்டிய ஆலைகளில் தயாராகும் ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650 அந்த வரம்புக்குள் கச்சிதமாக உட்காருவதால் அந்த வயதுக்காரர்கள் அதைத் தேடுகிறார்கள். வரம்பில்லாத லைசென்ஸை நேரடியாக எடுக்க 24 ஆக வேண்டும். ஆகவே ஒரே ரைடில் 125ம் வரும், 1200ம் வரும். 1200காரர் வேகத்துக்கு வழி போட்டால் இரண்டாவது ரைடோடு பிள்ளைகள் நின்றுவிடுவார்கள்.

உதாரணத்துக்கு லீட்ஸிலிருந்து விட்பி. 1994 முதல் கோத் விழா நடந்துவரும் கடற்கரை ஊர். ஏன் விட்பி என்று ஆரம்பித்தால் ரத்தக் காட்டேரிக் கதை வரும், அது இன்னொரு நாள். ஏ64 சாலையில் மால்ட்டன் போய் ஏ169 சாலையைப் பிடித்தால் சுமார் 70 மைல். எல் போர்டுக்குச் சட்டப்படி தடையில்லை. ஆனால் ஏ64ன் இரட்டைச் சாலைப் பகுதியில் வேக வரம்பு மணிக்கு 70 மைல். மூச்சைப் பிடித்து 55ல் ஓடும் 125ன் பின்னால் லாரி வந்து ஒட்டிக்கொள்ளும். வெதர்பியிலிருந்து பி1224ல் யார்க், அங்கிருந்து ஹெல்ம்ஸ்லி, பிறகு ஏ170ல் பிக்கரிங் என்று போனால் நேரம் கூடும், ஆனால் யாரும் பயந்து நடுங்கிக்கொண்டு வந்து சேர மாட்டார்கள். பிக்கரிங்கில் பெட்ரோலுக்கு நிறுத்தம் கட்டாயம். இதில் ஒரு தப்புக் கணக்கு உண்டு: முதலில் டேங்க் காலியாவது 125 என்று நினைப்பார்கள். 125 பத்து லிட்டரை வைத்துக்கொண்டு நாள் முழுக்க ஓடும். எட்டு லிட்டர்கூடப் பிடிக்காத நிலக்கடலை வடிவ டேங்க் மாட்டிய சாப்பர் (முன் சக்கரத்தை நீட்டி மாற்றிய பைக்)தான் 80, 90 மைலில் ரிசர்வுக்கு வரும். நிறுத்தத்தை அந்த வண்டிக்காகப் போடுங்கள்.

ஏ169 மேட்டுநிலத்தில் ஆடு குறுக்கே வரும். ஸ்லைட்ஸ் ஊருக்கு இறங்கும் ப்ளூ பேங்க் சரிவு ஐந்துக்கு ஒன்று. பிரேக் போன லாரிகளுக்கென்று ஓரத்தில் தனித் தடமே போட்டிருக்கிறார்கள். பின் டிரம் பிரேக்கை அழுத்திப் பிடித்தபடியே இறங்கினால் சூடேறிப் பிடி விட்டுவிடும். உச்சியிலேயே இரண்டாம் கியருக்கு வந்துவிட வேண்டும் என்பதைக் கிளம்பும்போதே சொல்ல வேண்டும். சரிவில் இறங்கும்போது கத்தினால் யாருக்கும் கேட்காது.

இனி கடைசி பைக், அதாவது எல்லாருக்கும் பின்னால் வர வேண்டும் என்று முன்பே முடிவு செய்த ஆள். பத்து வண்டிக்கு மேல் போனால் எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே போவது நடக்காது. அதற்கு அங்கே எல்லாரும் கையாளும் வழி, இரண்டாம் ஆளை இறக்கிவிடுவது. திருப்பம் வந்ததும் முன்னால் போகிறவர் கையால் ஓர் இடத்தைக் காட்டுவார். அவருக்கு அடுத்து வருகிறவர் அங்கே ஓரமாக நின்று வழி காட்ட வேண்டும். எல்லாரும் கடந்து, கடைசி ஆள் கண்ணில் பட்டதும் அவருக்கு முன்னால் புகுந்துகொள்ளலாம். அடுத்த திருப்பத்தில் வேறொருவர். யாரும் யாரையும் துரத்த வேண்டியதில்லை, 125காரர் தன் வேகத்தில் வரலாம். இது கெடுவது இரண்டு இடத்தில். நிற்கிறவர் "எல்லாரும் போயிட்டாங்க போல" என்று தானாக முடிவு செய்து கிளம்பிவிடுவார். பின்னால் வரும் நான்கு பேர் நேராகப் போய் வேறு ஊரில் இறங்குவார்கள். அல்லது, வளைவு முடிந்த உடனே நின்று, பின்னால் வருகிற கார் தன் மேல் ஏற வழி செய்வார்.

கோத் குழுவுக்கு மூன்றாவதாகவும் ஒன்று உண்டு. எல்லாரும் கறுப்பு. கறுப்பு ஹெல்மெட், கறுப்பு லெதர், மேட் கறுப்பு வண்டி. இதில் கடைசி ஆள் எவர் என்று கண்ணாடியில் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது? அதனால் கடைசி ஆள் ஆரஞ்சு வெஸ்ட் போட்டே ஆக வேண்டும். இதற்குத்தான் பெரிய சண்டை நடக்கும். "அழகு கெடுதே." கெடட்டும். மற்றவர்களுக்குச் சமாதான வழி இருக்கிறது: பகலில் கறுப்பாகத் தெரிந்து, ஹெட்லைட் பட்டால் வெள்ளையாக மின்னும் கறுப்பு ரிஃப்ளெக்டர் டேப். பின் மட்கார்டு, சைடு பாக்ஸ், ஜாக்கெட் தோள்பட்டை என்று ஒட்டிக்கொள்ளலாம். ஹெல்மெட் பாலிகார்பனேட் ஓடாக இருந்தால் கம்பெனி கையேட்டைப் பார்க்காமல் எதையும் ஒட்டவோ ஸ்ப்ரே அடிக்கவோ கூடாது. பெயின்டிலும் பசையிலும் உள்ள கரைப்பான் ஹெல்மெட்டை உள்ளுக்குள் பலவீனமாக்கிவிடும், வெளியே ஒரு கீறலும் தெரியாது. கொம்பு ஒட்டுகிறவர்களுக்கும் இதேதான்.

அடுத்தது வைசர், ஹெல்மெட்டின் முகக் கண்ணாடி. விட்பி விழா அக்டோபர் கடைசியிலும் உண்டு. அந்த மாதக் கடைசி ஞாயிறன்று கடிகாரம் ஒரு மணி பின்னுக்குப் போகும், பிறகு நாலரைக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். பகலுக்கு மட்டும் என்று குறியிட்ட கறுப்பு வைசரோடு காலையில் கெத்தாக வந்தவர், மாலையில் வைசரைத் தூக்கிவிட்டு, கண்ணில் நீர் வழிய, மை கன்னத்தில் இறங்க ஓட்டுவார். பையில் தெளிவான வைசர் இருக்கிறதா என்று புறப்படும்போதே கேட்டுவிட வேண்டும்.

உடையில் அதிகம் கெடுவது பூட்ஸ். ஐந்து சென்டிமீட்டர் பிளாட்ஃபார்ம் அடி வைத்த பூட்ஸ் கியர் லிவருக்கு அடியில் நுழையாது. கியரை ஏற்ற முடியாமல் காலைத் திருப்பி வளைத்து, கவனம் ரோட்டை விட்டுப் போய்விடும். லிவரை உயர்த்திக்கொள்ளலாம், ஐந்து நிமிட வேலை. தண்டும் லிவரும் சேரும் இடத்தில் பெயின்டால் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான சின்ன வண்டிகளில் பத்தாம் நம்பர் ஸ்பேனர் போல்ட்தான். அதைத் தளர்த்தினால் மட்டும் போதாது, முழுசாக உருவ வேண்டும். தண்டில் உள்ள பள்ளத்தில் அந்த போல்ட் உட்கார்ந்திருக்கும், உருவாமல் இழுத்தால் பல் தேய்ந்து லிவரே வீணாகும். ஒரு பல் மேலே ஏற்றி மாட்டி, வண்டியை நிறுத்தியபடியே ஏற்றி இறக்கிப் பாருங்கள். பின் பிரேக் பெடலையும் உயர்த்தினால் பிரேக் லைட் ஸ்விட்சைச் சரி செய்ய மறக்காதீர்கள். மறந்தால் ஒன்று, லைட் அணையாமல் எரியும், இல்லை எரியவே எரியாது. பின்னால் வருகிறவருக்கு இரண்டும் ஒன்றுதான். பூட்ஸ் பக்கிள் வண்டிப் பக்கம் பார்க்காமல் இருக்கட்டும், லேஸ் நுனி உள்ளே செருகியிருக்கட்டும்.

நீளக் கோட்டுக்கு உள்பக்கம் தொடையில் கட்டும் வார் தைத்துக்கொள்ளலாம், குதிரையேற்றக் கோட்டில் இருப்பது மாதிரி. பாவாடையும் தொங்கும் துப்பட்டாவும் செயின் பக்கம் வேண்டவே வேண்டாம். 1927ல் நடனக் கலைஞர் இசடோரா டங்கன் நீஸ் நகரில் இறந்தது கார் சக்கரத்தில் சுற்றிக்கொண்ட கழுத்துத் துணியால். ஜாக்கெட்டில் ஆணி அடிக்கிறவர்கள் தோள், முழங்கை, முதுகு பாதுகாப்புப் பட்டை இருக்கும் இடங்களை விட்டுவிடுங்கள். வரிசையாகத் துளை போட்டால் தபால்தலை ஓரம் மாதிரி அந்தக் கோட்டிலேயே கிழியும். பின்னால் ஆள் உட்காருவதாக இருந்தால் முதுகில் முள் ஆணி வேண்டாம் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை, ஆனாலும் வருகிறார்கள்.

இங்கேதான் குழுக்கள் பெரிய தப்பு செய்கின்றன. புதிதாக வரும் பெண் சாதாரண டெக்ஸ்டைல் ஜாக்கெட், முட்டிப் பட்டை வைத்த பேன்ட், நல்ல கையுறை என்று வருவார். பையில் கோர்செட்டும் லேஸும் மடித்திருக்கும். "இதென்ன, ஆபீஸ் போற மாதிரி" என்று யாராவது சிரித்தால் அவர் அடுத்த முறை வரமாட்டார், அல்லது பாதுகாப்பு இல்லாத உடையில் வருவார். இரண்டாவதுதான் மோசம். ஆகவே நிகழ்ச்சி நிரலிலேயே "உடை மாற்ற 40 நிமிடம்" என்று எழுதுங்கள். போய்ச் சேரும் பப்பிலோ விடுதியிலோ ஓர் அறையும், ஆளுயரக் கண்ணாடியும், பிளக் பாயின்டும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். நிறமேற்றும் கான்டாக்ட் லென்ஸ் அங்கே போய்ப் போடட்டும், காற்றில் அது காய்ந்து கண்ணை உறுத்தும். முகப்பூச்சு ஹெல்மெட்டின் கன்னப் பஞ்சில் அப்பிக்கொள்ளும் என்பதால் உள்ளே மெல்லிய பருத்தி முகமூடி மாட்டிக்கொள்வது நல்லது. ஒரே கண்ணாடி முன் பத்துப் பேர் மை தீட்டிக்கொள்ளும் அந்த 40 நிமிடத்தில் உண்டாகும் சிநேகம் எந்த வாட்ஸ்அப் குழுவிலும் உண்டாவதில்லை.

லண்டனில் 1959ல் சர்ச் இளைஞர் மன்றமாகத் தொடங்கிய 59 கிளப்பைப் பாருங்கள். 1962ல் பில் ஷெர்கோல்ட் என்ற பாதிரியார், ஊரே பயந்த லெதர் ஜாக்கெட் ராக்கர்கள் என்ற பைக் இளைஞர்களைத் தேடி அவர்கள் கூடும் ஏஸ் கஃபேக்கே தன் பைக்கில் போய் அழைத்தார். லெதரைக் கழற்றிவிட்டு வா என்று சொல்லவில்லை. வந்து உட்கார ஓர் இடம் கொடுத்தார். குளிர்காலத்தில் ரைடு இல்லாத மாதங்களில் கோத் குழுக்கள் கலைவதும் இடம் இல்லாததால்தான். மாதத்தில் ஒரே கிழமை, ஒரே இடம், மழையானாலும் பனியானாலும் இரண்டு பேராவது அங்கே இருக்க வேண்டும். கேரேஜ் வைத்திருப்பவர் ஒருவர் கிடைத்தால் செயின் கழுவுவதும் லிவர் மாற்றுவதும் அங்கேயே நடக்கட்டும். வண்டிக்கு மேட் பெயின்ட் அடித்தவர், சைலன்சர் மாற்றியவர் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவித்தார்களா என்பதையும் அந்தச் சந்திப்பிலேயே கேளுங்கள். மறைத்தால் விபத்து நாளில் பணம் வராமல் போகலாம்.

கடைசி ஆளின் பையில் என்னென்ன இருக்க வேண்டும்: பத்தாம் நம்பர் ஸ்பேனர், ஆலன் கீ செட், 10, 15 ஆம்பியர் ஃபியூஸ், கேபிள் டை, அகல டேப், முதலுதவிப் பெட்டி. டயர் பிளக் கிட் ட்யூப்லெஸ்ஸுக்கு மட்டும்தான் உதவும், ஆரக் கம்பி சக்கரம் வைத்த சாப்பர்களில் பெரும்பாலும் ட்யூப் இருக்கும். காற்றடிக்க 16 கிராம் கேஸ் குப்பி ஒன்று போதாது, பின் டயருக்கு மூன்று நான்காவது வேண்டும். கோத் குழு என்பதால் பத்து ஊக்கும் கறுப்பு நூலும். பழைய பிளாட்ஃபார்ம் பூட்ஸின் அடி திடீரென்று பொடிப்பொடியாக உதிரும், அந்த அகல டேப் அன்றைக்கு அதற்குத்தான் செலவாகும்.

முதல் மூன்று ரைடுக்கு இந்தப் பையைத் தூக்கிக்கொண்டு ஆரஞ்சு வெஸ்டில் கடைசியில் வர வேண்டியவர் குழுவைத் தொடங்கியவர்தான். நாலாவது ரைடில் வேறு யாராவது "இன்னைக்கு நான் வரேன்" என்று வெஸ்டைக் கேட்டு வாங்கினால், அன்று பேட்ச் தைக்கக் கொடுக்கலாம்.