மண் அடைப்பை மட்டும் வைத்து முடிவு செய்யாதீங்க

உடுமலைப் பக்கம் மாந்தோப்பில் தேனீ கூடு வைக்கக் கட்டிய மூங்கில் குழாய்களின் வாயை மண் அடைத்திருக்கிற படத்தைப் போட்டு, "மேசன் தேனீ வந்தாச்சு, இனி காய்ப்பு கூடும்" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். பலரும் பகிர்கிறார்கள்.

மேசன் தேனீ என்றால் குழாய்க்குள் கூடு வைத்து மண்ணால் அடைக்கிற தேனீ. ஆனால் மண் அடைப்பு மட்டும் தேனீக்குச் சாட்சி ஆகாதுங்க. ஆப்பிள் தோட்டங்களில் வளர்க்கும் ஆஸ்மியா என்ற மேசன் தேனீ குளிர்நாட்டு இனம். கூட்டுக்குள் சில மாதக் குளிர் கிடைத்தால்தான் ஒழுங்காக வெளியே வரும்; நம் சமவெளியில் அந்தக் குளிர் ஏது? மண்ணால் அடைக்கும் நம்மூர்த் தேனீயும் உண்டு. ஆனால் அதே குழாயில் அதேபோல் பூசுகிற, கூட்டமாக வாழாத தனிக்குளவிகளும் உண்டு.

சந்தேகம் இருந்தால், வாய் அடைத்து நாலைந்து நாளுக்குள் ஒரே ஒரு குழாயைக் கத்தியால் நீளவாக்கில் பிளந்து பாருங்க. தாமதித்தால் புழு தீனியைத் தின்று தீர்த்துவிடும், ஒன்றும் புரியாது. அறைக்குள் மஞ்சள் மகரந்த உருண்டையும் அதன்மேல் வெள்ளை முட்டையும் இருந்தால் தேனீ. அசையாத பச்சைப் புழுக்களோ குட்டிச் சிலந்திகளோ அடுக்கியிருந்தால் குளவி. பார்த்ததும் இரு பாதியையும் சேர்த்து ரப்பர் போட்டு நிழலில் வைத்துவிடலாம்.

பிளக்க மனமில்லையா, வெயில் ஏறிய பின் குழாய் வாயைக் கவனியுங்க. இந்தத் தேனீக்கள் மகரந்தத்தைக் காலில் அல்ல, வயிற்றின் அடிப்பக்க மயிரில் அப்பிக்கொண்டு வரும். மண் சுமந்து வருவதை வைத்து முடிவு செய்ய முடியாது, குளவியும் அதைத்தான் செய்யும்.

குளவி என்று தெரிந்தாலும் எரித்துவிடாதீங்க, புழு பிடிக்கிற ஆள் அது.