பவுத்திரம் என்று முடிவு கட்டும் முன்

ஆசனவாய்ப் பக்கம் வரும் கட்டிகள் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையில் மூலம், பவுத்திரம் (ஆசனவாய் அருகே சீழ் வடியும் புழை), சீழ்க்கட்டி எல்லாம் இருக்கின்றன. டெயில்கட் சிஸ்ட் மட்டும் இல்லை. அபூர்வம்தான், ஆனாலும் ஒரு வரியாவது வேண்டும்.

கருவில் நமக்குச் சில நாள் ஒரு சிறு வால் உண்டு. அதற்குள் நீளும் குடல் துண்டு எட்டாவது வாரத்துக்குள் மறைந்துவிட வேண்டும். சிலருக்குக் கொஞ்சம் தங்கிப்போய், மலக்குடலுக்கும் வால் எலும்புக்கும் நடுவே நீர்க்கட்டியாகிறது. அதுதான் டெயில்கட் சிஸ்ட். நடுவயதுப் பெண்களுக்கே அதிகம்.

அம்பாசமுத்திரத்தில் என் மதினிக்கு இதுதான். பீடி சுற்ற நாளெல்லாம் உட்காருவதால் வந்த சூட்டுக்கட்டி என்றார்கள் ஊரில். ஒரு மருத்துவமனையில் பவுத்திரம் என்று திரும்பத் திரும்பக் கீறினார்கள். ஆறும், மறுபடி வீங்கும். கூச்சத்தில் அவரும் வலியை முழுசாகச் சொல்லவில்லை. அப்புறம் பாளையங்கோட்டையில் ஒரு சர்ஜன் விரல்விட்டுப் பார்த்தபோது, மலக்குடலுக்குப் பின்னால் மெத்தென்று ஒரு புடைப்பு தட்டுப்பட்டது. எம்.ஆர்.ஐ. எடுத்ததும் தெரிந்துவிட்டது.

கட்டியில் ஊசி குத்திப் பார்க்க அந்த சர்ஜன் சம்மதிக்கவில்லை. கிருமி புகலாம், புற்றுநோய் இருந்தால் ஊசித் தடத்தில் பரவலாம். கட்டியின் பையை முழுதாக எடுக்க வேண்டும், மிச்சம் வைத்தால் திரும்ப வரும். கட்டி கீழே இருந்தால் பின்பக்க வழி, சில நேரம் வால் எலும்பையும் சேர்த்து; மேலே ஏறியிருந்தால் வயிற்று வழி. எடுத்ததைக் கண்டிப்பாகப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். மதினிக்கு நல்லவேளையாகப் புற்று இல்லை.

கீறியும் திரும்ப வரும் கட்டிக்கு எம்.ஆர்.ஐ. பாருங்கள் என்பதைத் தயவுசெய்து கட்டுரையில் சேருங்கள்.