இது பொழுதுபோக்கு இல்லைங்க
ஊர் ஆவணங்களைச் சேர்த்துவைப்பது ஓய்வுபெற்ற வாத்தியார்களின் பொழுதுபோக்கு என்று நான் படித்த ஒரு கட்டுரையில் போகிற போக்கில் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கீழடியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1970களில் கிணறு தோண்டியபோது கிடைத்த பானை ஓடுகளையெல்லாம் பிள்ளைகள் பள்ளிக்கு எடுத்துவர, அங்கிருந்த வரலாற்று ஆசிரியர்தான் அவற்றின் அருமை தெரிந்து தொல்லியல் துறைக்குத் தகவல் சொன்னார். மத்தியத் தொல்லியல் துறை அங்கே குழி போட்டது 2015இல், அருங்காட்சியகம் திறந்தது 2023இல். எவ்வளவு காலம் பாருங்கள்! அப்புறம், மண்ணுக்கடியில் இருப்பதாவது காத்திருக்கும், பழைய பள்ளிக்கூடங்களின் சேர்க்கைப் பதிவேடுகள் காத்திருக்காது, கரையான் தின்றுவிடும். பிள்ளை பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி என்று ஒரு ஊரின் மூன்று தலைமுறையே அந்தத் தாளில் இருக்கிறது. அதை ஸ்கேன் செய்துவைக்க ஊருக்கு ஒரு ஆளையாவது அரசு சம்பளம் கொடுத்துப் போடட்டும்.