ஊக்கியை உரம் என்று சொல்லாதீர்கள்

சாணம், கோமியம், பால், தயிர், நெய் சேர்த்துச் செய்யும் பஞ்சகவ்யத்தை 'உரம்' என்று தலைப்பிட்டு ஒரு காணொளி வந்தது. அது உரமில்லை, ஊக்கி என்று முந்தாநாள் அதன் கீழே எழுதினேன். 'ஒரு வார்த்தைக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா' என்று பதிலுக்குக் கேட்கிறார்கள். ஆமாம், ஒரு வார்த்தைக்குத்தான்.

ஊக்கி வேறு, உரம் வேறு. தழை, மணி, சாம்பல் சத்துகளைக் கொடுப்பது உரம், அது பயிருக்குச் சாப்பாடு. வேர் ஓடவும் துளிர் விடவும் பயிரைத் தூண்டுவது ஊக்கி. பத்து லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி பஞ்சகவ்யம் கலந்து தெளிக்கிறோம். நானும் தெளிக்கிறேன், நல்ல பலன் உண்டு. ஆனால் அதிலிருக்கும் தழைச்சத்து ஒரு ஏக்கர் நெல்லுக்கு எந்த மூலைக்கு?

நான்கு வருடம் முன்பு ஒரு கடையில் 'இயற்கை உரம்' என்று அப்பாவுக்கு ஒரு கேன் கொடுத்தார்கள். உள்ளே கடல்பாசிச் சாறு, அதுவும் ஊக்கிதான். உரம் என்றுதானே போட்டிருக்கிறது என்று நம்பி அந்தப் போகம் மேலுரத்தையே, அதாவது நட்ட பிறகு வளரும் பயிருக்கு இடும் உரத்தையே, விட்டுவிட்டார். தூர் கட்டும் நேரத்தில் அடியிலைகள் நுனியிலிருந்து மஞ்சளாகிக்கொண்டே வந்தன. வரப்பில் உட்கார்ந்து ஓர் இலையைக் கிள்ளி விரலில் சுற்றியபடி, "உரம் அடிச்சேனேடா" என்றார். நான் என்ன பதில் சொல்ல?

'உரம் என்றால் வலிமை, வள்ளுவரே எரு என்றுதான் சொன்னார், அதனால் ஊக்கியையும் உரம் எனலாம்' என்கிறார் ஒருவர். சரி, 'ஏரினும் நன்றால் எருவிடுதல்' என்றுதான் இருக்கிறது. ஆனால் இன்று கடையில் போய் உரம் கேட்பவர் வலிமையா கேட்கிறார்? 2021-ல் உரக் கட்டுப்பாட்டு ஆணையைத் திருத்தியபோது அரசே இந்த ஊக்கிகளை 'உயிர்த்தூண்டிகள்' என்று தனி வகையாகப் பிரித்துவிட்டது.

தூண்டுதல் மட்டும் மிஞ்சினால் என்னாகும் என்பதையும் நெல்தான் காட்டியது. ஜப்பானியர் 'பகானே' என்று சொல்லும் நோயில் நாற்று வெளிறி, மெலிந்து, நெட்டையாக ஓடிச் சாய்ந்துவிடும். பூஞ்சை சுரக்கும் பொருள்தான் காரணம் என்று 1926-ல் ஜப்பானிய விஞ்ஞானி குரோசாவா காட்டினார். ஜிப்ரலின் என்று பின்னால் பெயர் பெற்ற வளர்ச்சி ஊக்கி அதுதான்.

எங்களுக்கு எல்லாமே இப்படித்தான் வருகிறது. நெல்லுக்குக் கட்டுப்படியாகும் விலை கேட்டால் குவிண்டாலுக்கு இவ்வளவு என்று ஊக்கத்தொகை. சாப்பாடு கேட்கிறவனுக்குத் தட்டிக்கொடுத்தால் பசி அடங்குமா?

காணொளியை எடுக்கச் சொல்லவில்லை. தலைப்பில் உரம் என்பதை ஊக்கி என்று மாற்றுங்கள். அப்புறம், மேலுரத்தை நிறுத்த வேண்டாம் என்று கீழே ஒரு வரி சேருங்கள்.