தவணை என்னுடையது, தலைகுனிவு சொந்தக்காரர்களுக்கா?

சம்பளம் தாமதமானதால் தனிநபர் கடனின் மாதத் தவணை சற்றுத் தள்ளிப்போனது. அதற்காக நான் கைப்பேசியை அணைத்துவிட்டு ஊரை விட்டு ஓடிவிடவில்லை. ஆனாலும் வசூல் முகவருக்கு என்னைவிட என் சொந்தபந்தங்களிடம்தான் எவ்வளவு பாசம்! முதலில் சித்தப்பாவை அழைத்து, "உங்க அண்ணன் பையன் எங்க சார் ஒளிஞ்சிருக்கான்?" என்று நலம் விசாரித்திருக்கிறார். அடுத்து மைத்துனர். அடுத்து, தங்கையின் மாமியார். அந்த அம்மாள் ஜாமீன் கையெழுத்துப் போட்டாரா, அல்லது கடன் பணத்தில் பட்டுப்புடவை எடுத்துக்கொண்டாரா? இனி தங்கை அந்த வீட்டில் கேட்கப்போகும் பேச்சுக்கும் வட்டி போடுவார்களோ?

குடும்பத்தார், நண்பர்களின் அந்தரங்கத்தில் தலையிடக் கூடாது, காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டிலேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. கடன் செயலிகள் கைப்பேசியின் தொடர்புப் பட்டியலைத் தொடவே கூடாது என்று அதே ஆண்டு செப்டம்பரில் வந்த வழிகாட்டுதலும் சொன்னது. பிறகு எப்படி, "கேஸ் சிலிண்டர் அண்ணன்" என்று நான் பதிந்து வைத்திருக்கும் மனிதருக்கும் என் பாக்கித் தொகை பைசா சுத்தமாகத் தெரிந்திருக்கிறது?

சித்தப்பாவோ இப்போது அழைக்கும்போதெல்லாம், "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டுவிட்டு, மேற்கொண்டு எதையும் கேட்காமல் செருமுகிறார். முகவரின் வசவைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அந்தச் செருமலைத்தான் தாங்க முடியவில்லை. தவணையைக் கட்டி முடித்த மறுநாளும் மைத்துனருக்கு மிரட்டல் அழைப்பு போயிருக்கிறதே, அதை எந்தக் கணக்கில் எழுதுவது?