டெனிஸ் லாவ அந்த ஒரு பேக்ஹீலுக்குள்ள அடைக்காதீங்க

மான்செஸ்டர் யுனைடெட்டோட பழைய ஸ்ட்ரைக்கர், ஸ்காட்லாந்துக்காரர் டெனிஸ் லா, அவர் பேரை எடுத்தாலே போதும், யாராவது வந்து "சொந்த கிளப்பையே ரெலகேட் பண்ணி (கீழ் டிவிஷனுக்குத் தள்ளி) விட்ட ஆளுதானே"ன்னு ஒரு கமெண்ட் போட்டுட்டுப் போயிடுறாங்க. 2025 ஜனவரில 84 வயசுல அவர் இறந்தப்பகூட என் டைம்லைன்ல சுத்துனது அந்த பேக்ஹீல் கோல் கிளிப்தான். செம கடுப்பு எனக்கு, ஏன்னா அந்தக் கதையே தப்பு.

1974 ஏப்ரல் 27, ஓல்ட் டிராஃபோர்ட். 11 வருஷம் யுனைடெட்டுக்கு ஆடுன மனுஷன முந்தின வருஷம்தான் ஃப்ரீ டிரான்ஸ்ஃபர்ல அனுப்பி விட்டிருந்தாங்க, அவரும் பழைய கிளப் மான்செஸ்டர் சிட்டிக்கே போயிட்டார். மேட்ச் முடியப்போற நேரம், 0-0, ஃபிரான்சிஸ் லீ பந்த உள்ள தள்ளுறார், லா கோலுக்கு முதுகைக் காட்டிட்டு நிக்கிறார், குதிகாலால ஒரு தட்டு, அவ்ளோதான் கோல். கையத் தூக்கல, சிரிக்கல, சிட்டி பிளேயர்ஸ் வந்து கட்டிப்பிடிக்கிறாங்க, இவர் எழவு வீட்டுல நிக்கிற மாதிரி நிக்கிறார். உடனே சப் பண்ணிட்டாங்க. கூட்டம் கிரவுண்டுக்குள்ள இறங்கி மேட்ச் பாதியில நின்னாலும் 1-0ங்கற ரிசல்ட் அப்படியே இருக்கட்டும்னு லீக் சொல்லிடுச்சு.

இதுவரைக்கும் எல்லாரும் சொல்லுவாங்க. அன்னைக்கே, கீழ போகாம தப்பிக்கப் போட்டி போட்டுட்டிருந்த பர்மிங்ஹாம் நார்விச்ச 2-1ன்னு ஜெயிச்சதால, யுனைடெட் இந்த மேட்ச ஜெயிச்சிருந்தாலும் கீழதான் போயிருக்கும், அத மட்டும் எவனும் சொல்ல மாட்டான்.

சரி, அந்த ஆளு யாருன்னு பாருங்க. அபர்டீன்ல மீன்பிடிக்கப் போறவரோட பையன், ஏழு பிள்ளைங்கள்ல கடைசி. மாறுகண், கண்ணாடி, ஒல்லிப்பிச்சான் உடம்பு, 15 வயசுல இங்கிலாந்து கிளப் ஹடர்ஸ்ஃபீல்டுக்கு வந்தப்ப இவன் ஃபுட்பால் ஆடுவான்னு யாரும் பந்தயம் கட்டியிருக்க மாட்டாங்க. அதே பையன 1960ல சிட்டி 55,000 பவுண்டுக்கு வாங்குது, அப்போ அது பிரிட்டிஷ் ரெக்கார்டு. அடுத்து இத்தாலில டொரினோ, ஒரு சீசன், அங்க ஒரு கார் ஆக்சிடென்ட் வேற. 1962ல 115,000 பவுண்டுக்கு யுனைடெட், மறுபடியும் ரெக்கார்டு.

நடுவுல ஒரு கொடுமைய சொல்லியே ஆகணும். 1961 எஃப்.ஏ. கப்ல லூட்டனுக்கு எதிரா தனியாளா 6 கோல் அடிக்கிறார், சிட்டி 6-2ன்னு லீடிங், 69வது நிமிஷம் கிரவுண்டு ஒரே சேறும் தண்ணியுமா ஆகி மேட்ச் கேன்சல். ஆறு கோலும் கணக்குல கிடையாது. திரும்ப நடந்த மேட்ச்ல சிட்டி 3-1ன்னு தோத்துச்சு, அந்த ஒரு கோலும் லா அடிச்சதுதான்!

யுனைடெட்ல 404 மேட்ச், 237 கோல். 1963-64 சீசன்ல மட்டும் 46, அந்த கிளப்ல ஒரு சீசனுக்கு இன்னைக்கும் அதுதான் ரெக்கார்டு. 1964ல பலோன் டோர், அதாவது ஐரோப்பாவோட சிறந்த பிளேயர் விருது, அவருக்கு அப்புறம் ஒரு ஸ்காட்லாந்துக்காரன் கையிலயும் அது போகல. முழுக்கை ஜெர்சியோட கஃப்ப உள்ளங்கையில பிடிச்சுட்டே ஓடுறது, கோல் போட்டா ஒரு கை மட்டும் மேல போறது, பழைய வீடியோல பாத்தீங்கன்னா நம்பரே வேணாம், யாருன்னு தெரிஞ்சுடும். அடிச்சா திருப்பி அடிக்கிற கோவக்காரர், சஸ்பென்ஷனும் வாங்கியிருக்கார், புனிதர்னு நான் சொல்ல வரல. 1968ல யுனைடெட் யூரோப்பியன் கப் ஜெயிச்ச ராத்திரி, முட்டி ஆபரேஷன் பண்ணிக்கிட்டு ஆஸ்பத்திரி படுக்கையில டிவில பாத்துட்டிருந்தார் பாவம்.

ஸ்காட்லாந்துக்கு 55 மேட்ச்ல 30 கோல். 1967 வெம்ப்ளில உலக சாம்பியன் இங்கிலாந்த 3-2ன்னு கவுத்தப்ப முதல் கோல் இவரோடது. லிவர்பூல்ல ஆடுன இன்னொரு ஸ்காட்லாந்து ஸ்டார் கென்னி டால்கிளிஷும் அதே 30தான், ஆனா 102 மேட்ச். இத சொன்னா லிவர்பூல் பசங்க சண்டைக்கு வருவாங்க, டால்கிளிஷ் கொஞ்சம் பின்னாடி இறங்கி அடுத்தவனுக்கு பந்த செட் பண்ணிக் குடுக்கிற ஆளு, வெறும் கோல் கணக்கு வச்சு பேசாதன்னு. நியாயம்தான், ஒத்துக்கறேன். ஆனா பாக்ஸுக்குள்ள பந்து வருது, கோல் போட ஒரே ஒரு ஸ்காட்லாந்துக்காரன நிறுத்தலாம்னா நான் லாவத்தான் நிறுத்துவேன், கமெண்ட்ல வந்து திட்டுறவங்க திட்டுங்க.